பட்டைக்குத் தப்பியது, தாளில் மாட்டியது

அந்த டிப்போவில் பஸ் ஓட்டும் ஒரே பெண் அவள்தான். எல்லாருக்கும் கியரக்கா. டிரைவர் சீட் அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. "பொம்பள கையில பஸ்ஸா?" என்று மேனேஜர் முகம் சுளித்தபோது, வாசலிலேயே பழியாய்க் கிடந்து வாங்கிய சீட் அது.

டிரைவர்களுக்கு வருஷம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. அதற்கென்று ஒரு தில்லுமுல்லும் உண்டு. பிரஷர்காரர்கள் மற்ற நாளெல்லாம் மாத்திரையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். பரிசோதனை நெருங்கும்போது மட்டும் வேளை தவறாமல் போட்டு, உப்பைக் குறைத்து, யாரோடும் வம்புக்குப் போகாமல் உத்தமர்களாகத் திரிவார்கள். பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையும் நல்லபடியாகக் காட்டிவிடும். டாக்டர் கையெழுத்துப் போட்டதும் மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். இதில் கியரக்கா கைதேர்ந்தவள். தலை வலித்தால் தைலம், மூச்சு வாங்கினால் 'வயசாகுது'. ஆஸ்பத்திரியை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள், அசடு.

இந்த வருஷம் பரிசோதனையில் ஈசிஜியும் சேர்ந்துகொண்டது. படுக்க வைத்து, மார்பிலும் கை கால்களிலும் ஒயரை ஒட்டினார்கள். தாள் நீள நீள வெளியே வந்தது. டாக்டரம்மா அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பிரஷர் சரியாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கோடெல்லாம் ரொம்ப உயரமா எழும்புது. இங்க பாருங்க, மேல வளைய வேண்டியது கீழ கவுந்து கிடக்கு. ரொம்ப நாள் பிரஷர் இருந்து இதயச் சுவர் தடிச்சாலும் இப்படி வரும், ரத்தக்குழாய்ல அடைப்பு இருந்தாலும் வரும். உங்களுக்குப் பிரஷர் இருந்ததே இல்லையா?"

'இல்லை' நுனிநாக்கில் நின்றது. உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷத்துப் பொய்யும் அம்பலமாகும், சீட் கையை விட்டுப் போகும். ஆனால் வளைவில் திருப்பும்போது நெஞ்சு நின்றுவிட்டால்? பின்னால் நம்பி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர்?

"இருக்கு டாக்டரம்மா. வருஷக்கணக்கா இருக்கு. உங்ககிட்ட வர்றப்ப மட்டும் மாத்திரை போட்டுட்டு வருவேன்."

"எனக்காகவா? நல்ல மரியாதை!" என்றார் டாக்டரம்மா. கோபத்தோடு தாளை மேஜையில் போட்டார்.

ஸ்கேனும் மற்ற சோதனைகளும் முடிந்தன. அடைப்பு இல்லை. இதயச் சுவர்தான் தடித்திருந்தது.

"தினமும் மாத்திரை. அரை வருஷம் கழிச்சுப் பார்ப்போம். கோடு தேறினாத்தான் ஸ்டியரிங்."

"தேறுமா?"

"தேறலாம். அது உங்க கையிலதான் இருக்கு."

"என் கையிலயா? அப்ப தேறிடும்."

அதுவரை டிப்போவில் பஸ் பாஸ் கொடுக்கும் ஜன்னலில் அவளை உட்கார வைத்தார்கள். அவளுடைய பஸ்ஸை வேறொருவன் எடுத்துக்கொண்டு போன முதல் நாள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மாத்திரையைப் போட்டாள். மற்ற டிரைவர்கள் சும்மா விடவில்லை.

"ஏன்க்கா, நீ மாட்டினது போதாதுன்னு எங்களையும் மாட்டி விட்டுட்டியே! இப்ப எல்லாரையும் தோண்டித் தோண்டிக் கேக்கறாங்க."

"கேக்கட்டும். உசுரோட இருந்து பதில் சொல்லு."

வீட்டில் புருஷன் கடிகாரம் ரிப்பேர் செய்பவர், பொறுமைசாலி. "ஏங்க, அந்த உப்பு டப்பாவ எங்கயாவது ஒளிச்சு வைங்க" என்றாள்.

"நீ மோப்பம் பிடிச்சு எடுத்துடுவ. நானும் உன்கூடச் சப்புன்னே சாப்பிடறேன், போ."

அவர் முகத்தைக் கோணிக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் நெகிழ்ந்தது. ஒரு வேளைகூட மாத்திரை தவறவில்லை. மாலையில் டிப்போவைச் சுற்றி விறுவிறுவென்று நடந்தாள்.

அரை வருஷம் கழித்துப் புதுத் தாள் வந்தது. கவிழ்ந்து கிடந்த கோடு நிமிர்ந்திருந்தது.

"தடிப்பு முழுசா போகல. மாத்திரைய நிறுத்தினா பழையபடி ஆயிடும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் டாக்டரம்மா.

மறுநாள் காலை பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர்.

"யம்மா! எடுக்கப்போறியா, நாங்க இறங்கி நடக்கட்டுமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"எடுக்கறேன்யா, எடுக்கறேன்!" என்றாள். அந்தத் திட்டு அவ்வளவு இனித்தது.