மேலே எறிந்த சோற்றுருண்டை

அழகன் மாஸ்டருக்குப் படித்த திமிர் என்று கடைக்கு வருகிறவர்கள் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷன் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கிறார். முனியாண்டி பூசாரி மூக்கனுடைய மகன். ஆனால் முனியாண்டிக்குக் கிடா வெட்டும் சாயங்காலம் மட்டும் ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பௌதிகம் படித்துச் சாமி இல்லை என்று ஆகிவிட்டாராம். ஹட்டன் பஜாரில் சில்லறைக்கடை வைத்திருக்கிற நான் இத்தனை வருஷமும் அரிசியை நிறுத்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூக்கன் போன மாசியில் கண்ணை மூடிவிட்டார். இனிமேல் சொன்னால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் நானும் அழகனும் ஹட்டனில் ஒரே வகுப்பு. அவன் டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற தோட்டத்திலிருந்து நடந்து வருவான். அவர்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அந்த வகுப்பு வரைக்கும் ஏறி வந்தவன் அவன் ஒருவன்தான். மந்தம் என்று சொல்ல முடியாது. எல்லாம் புரிந்துவிடும், புரிந்த பிறகு ஒரு கேள்வி கேட்பான், அதோடு எங்களுக்கும் புரிந்தது போய்விடும்.

பௌதிகப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. நாகரத்தினம் மாஸ்டர்தான் தமிழில் விளக்குவார். ஒருநாள் பலகையில் எழுதுகிற வெண்கட்டியை நேராக மேலே எறிந்து, அது திரும்பி வந்தபோது அதே கையால் பிடித்துக் காட்டினார். போகப்போக வேகம் குறைகிறது, உச்சியில் ஒரு கணம் வேகம் பூச்சியம், அப்புறம் எந்த வேகத்தில் எறிந்தோமோ அதே வேகத்தில் கைக்கு வந்து சேரும் என்றார். நேராக எறிந்தால் எறிந்த இடத்துக்கே வரும். மேலே போகிற எதற்கும் இதுதான் விதி, இதற்கு விலக்கே கிடையாது என்றும் சொன்னார்.

அழகன் எழுந்து நின்றான்.

"சேர், உச்சியில நிக்குதுன்னு சொல்றீங்களே, அப்படி நிக்கிற நேரத்துல அத யாராச்சும் எடுத்துக்கிட்டா?"

வகுப்பே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. அங்கே எடுப்பதற்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அழகன் உட்கார்ந்துவிட்டான்.

அவன் யாரை நினைத்துக் கேட்டான் என்று எனக்குத் தெரியும். அவர்கள் தோட்டத்து மலையுச்சியில் ஒரு கல்லும் ஒரு சூலமும்தான் முனியாண்டி கோயில். வருஷா வருஷம் அங்கே கிடா வெட்டி, ரத்தத்தில் சோற்றைப் பிசைந்து உருண்டை பிடிப்பார்கள். சாயங்காலம் பனி மூடியதும் பூசாரி அந்த உருண்டையை மலை விளிம்பில் நின்று ஆகாசத்தை நோக்கி எறிவார். எறிகிற கணத்தில் தப்பு மேளச் சத்தம் நிற்கும். வந்திருக்கிற ஆண்கள் எல்லாரும் முதுகைக் காட்டித் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். பெண்கள் அங்கே வரவே கூடாது. உருண்டை கீழே விழாது, முனி ஆகாசத்திலேயே வாங்கிக்கொள்ளும். விழுந்த சத்தம் கேட்டால் அந்த வருஷம் யாருக்காகப் பூசை போட்டார்களோ அவருக்கு ஆகாது. எங்களுக்குத் தெரிந்து மூக்கன் எறிந்து ஒரு வருஷம்கூட விழுந்ததில்லை. மறுநாள் காலையில் செடிகளுக்குள் தேடினால் ஒரு பருக்கை இருக்காது.

இப்போது அழகனுக்கு எது சரி? பகலில் பள்ளிக்கூடத்தில் எல்லாம் கீழே வருகிறது, வீட்டில் ஒன்று மட்டும் வருவதில்லை. ஒருவேளை முனியாண்டி மலை வேறு பூமியில் இருக்கிறதோ என்று நான் கிண்டல் செய்தேன். அவன் அதையும் யோசித்தான்.

அந்த வருஷம் பூசைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மூக்கன் மழைத்தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதற்கு முன்னாலேயே அழகனுடைய அம்மா அம்மாக்கண்ணு நெஞ்சில் சளி கட்டி டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூச்சு விட்டால் விசில் மாதிரி கேட்கும். பூசை அவருக்காகத்தான் என்று மூக்கன் சொல்லிவிட்டார். பூசாரி குடும்பம்தான் எறியவேண்டும், எனவே எறியவேண்டியது அழகன். விழுந்தால் அம்மா லயத்துக்குத் திரும்பி வரமாட்டார்.

"அப்பா எறிஞ்சா விழாது. அவருக்கு விழும்னு தெரியாது," என்றான் அழகன் என்னிடம். "எனக்குத் தெரியுமேடா. தெரிஞ்சுக்கிட்டு எப்புடி எறியிறது?"

நம்பாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நம்பு என்றும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவைப் பார்த்தவன் யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பான். அழகன் அம்மாவிடமும் போய்க் கேட்டிருக்கிறான், மேலே போனது கீழே வராமல் இருக்குமா என்று. அதற்கு அம்மாக்கண்ணு, சாப்பிட்டாயா என்று கேட்டாராம்.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். இவ்வளவு குழப்பத்தையும் போய் இன்னொரு குழப்பத்தால்தான் தீர்க்கவேண்டுமா என்று எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நேராக எறிந்தால் எறிந்த கைக்கே வரும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார் அல்லவா? அப்படியானால் நேராக எறிந்து, தானே பிடித்து, சாரத்துக்குள் ஒளித்துவிட்டால் அது மண்ணில் விழாது. சத்தம் கேட்காது. அம்மா பிழைத்துக்கொள்வார். முனியைக் காப்பாற்றப் பௌதிகத்தைக் கூட்டி வருகிறான். இது சாமி நம்பிக்கையா, விஞ்ஞானமா என்று கேட்டேன். அதெல்லாம் தெரியாது என்றான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் உருளைக்கிழங்கை எறிந்து எறிந்து பிடித்துப் பழகினான். பாதிக்குமேல் கைக்கு வந்தது.

பூசையன்று அவன் கூப்பிட்டு நானும் மலைக்குப் போனேன். பனி இறங்கிப் பக்கத்தில் நிற்பவர்கூட நிழலாகத்தான் தெரிந்தார். கிடா வெட்டி முடிந்தது. மூக்கன் கட்டுப் போட்ட கையோடு மகன் உள்ளங்கையில் உருண்டையை வைத்தார். அழகன் விளிம்புக்குப் போனான். நாங்கள் எல்லாரும் முதுகைக் காட்டினோம். நான் மட்டும் தலையைக் குனிந்தபடி கக்கத்துக்கு அடியால் பார்த்தேன். முனி என்னை என்ன செய்தாலும் செய்யட்டும் என்று இருந்தது.

அழகன் எறிந்தான். தப்பு நின்றது. உருண்டை பனிக்குள் போனது. அவன் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு மேலே பார்த்து நின்றான்.

உருண்டை வரவில்லை.

எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். கையிலும் விழவில்லை, மண்ணிலும் விழவில்லை. காற்றுச் சத்தம்கூட இல்லை. மூக்கன் "வாங்கிக்கிட்டாரு" என்று கத்தினார். தப்பு மறுபடி முழங்கியது. கூட்டம் கோயில் பக்கம் நகர்ந்தது. அழகன் மட்டும் பிச்சை கேட்பவன் மாதிரி கையை ஏந்திக்கொண்டு அங்கேயே நின்றான். அதுவரை நானும் வெண்கட்டி கட்சிதான்.

"எங்கடா போச்சு?" என்றான். சந்தோஷப்பட வேண்டியவன் முகத்தில் பயம்தான் இருந்தது. சட்டென்று விளிம்பைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கினான். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

இரண்டு செடி தள்ளி ஒரு பெண் குந்தியிருந்தார். மழைக்குத் தலையில் போடுகிற கறுப்புக் கம்பளியை மடியில் குவித்து வைத்திருந்தார். அதன் ஒரு நுனியை வாய்க்குள் திணித்திருந்தார். தோள் குலுங்கியது. இருமலை அடக்குகிறார். அம்மாக்கண்ணு.

கம்பளிக்குள் சோற்றுருண்டை உடையாமல் இருந்தது.

யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, குறுக்குப் பாதையில் அவ்வளவு மலையும் ஏறி வந்திருக்கிறார். கால் முழுக்கச் செடிக் கம்பு கிழித்த ரத்தம். தப்பு அடிக்கும் சத்தத்தில் தன்னுடைய இருமல் கேட்காது என்று அவர் கம்பளியை வாயிலிருந்து எடுத்தார்.

"அப்பா மாதிரி நீயும் தூரமா எறிவேன்னு நெனச்சுக் கீழ நின்னேன். நீ பக்கத்துலயே எறிஞ்சிட்டே. ஓடி வந்து பிடிச்சேன்," என்றார்.

அழகன் அவர் முன்னால் மண்டியிட்டான். "நீதானா? ஒவ்வொரு வருசமும் நீதானா?"

"கல்யாணமாகி வந்த வருசம் ஒரு தடவ விழுந்துச்சு. அவரு மூணு நாளு சோறு திங்கல. அதுலருந்து நான் வந்து நின்னுக்கிறது. அவருக்குத் தெரியாது. சொல்லிப்புடாத."

"அப்ப இது விழும்னு ஒனக்குத் தெரியுமாம்மா?"

"விழாம என்ன செய்யும்?" என்றார் அம்மாக்கண்ணு. "நீ வேற விழும் விழும்னு நெனச்சுக்கிட்டே எறிவே. விழுந்துட்டா, அம்மாவ நாந்தான் கொன்னேன்னு ஆயுசுக்கும் நெனப்பே. அதான் எந்திரிச்சு வந்தேன்."

அழகன் தேம்பித் தேம்பி அழுதான். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அவரை மாறி மாறி முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திட்டு வாங்கினோம். வழியில் அழகன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "அது விழுந்துச்சா, விழலையாடா?" நான் யோசித்தேன். விழுந்தது, ஆனால் விழவில்லை. இதைப் பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்காது. அம்மாக்கண்ணு ஒரு மாதம் கிடந்து எழும்பி வந்தார். முனியால் எழும்பினாரா, மருந்தால் எழும்பினாரா, இல்லை சும்மா பிடிவாதத்தால் எழும்பினாரா என்று அழகனுக்கு இன்றைக்கும் தெளிவில்லை. எனக்கும் இல்லை. மூக்கன் மட்டும் சந்தேகமே இல்லாமல் இருந்தார். மணிக்கட்டுக் கூடியதும் அடுத்த வருஷத்திலிருந்து மறுபடி அவரே எறிந்தார்.

அழகன் பௌதிகத்தில் பாஸானான், மாஸ்டரானான். அம்மாக்கண்ணு அறுபத்தொன்றில் போய்விட்டார். இப்போது மூக்கனும் இல்லை, எறிவது அழகனுடைய தங்கை புருஷன் சின்னராசா. அவனும் மனசார நம்புகிறவன். இந்த வருஷமும் உருண்டை விழவில்லை. அழகன் மாஸ்டர் இந்த வருஷமும் வரவில்லையே என்று ஒருவர் நேற்றும் கடையில் வந்து கேட்டார்.

வந்திருந்தார். விளிம்புக்குக் கீழே தேயிலைக்குள், அம்மாக்கண்ணுவின் அந்தக் கறுப்புக் கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.