சான் இசித்ரோ முன்னால் பரப்பிய விதை

டெல்மி மராதியாகாவின் நகத்தைப் பார்த்தால் படித்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எந்நேரமும் மண். தலைநகரில் படித்துப் பட்டம் வாங்கி, ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ளை அங்கி போட்டு வேலை பார்க்கிறவள், எங்கள் ஊர் ஒக்கோத்தாலுக்கு வந்து இறங்கினால் பையைக்கூட வீட்டில் வைக்கமாட்டாள். யாருடைய பயற்றங்காட்டிலாவது குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு செடியைப் பிடுங்கி, வேரை உதறி, மோந்து பார்ப்பாள். என் மாவு மில் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. மக்காச்சோளம் அரைக்க வரும் பெண்களுக்கு அவள் ஒரு நல்ல வேடிக்கை.

"ஏன் தொமாசா அக்கா, இந்தப் பொண்ணு செடிய மோந்து பாக்குற நேரத்துல ஒரு நல்ல ஆம்பளையத் தேடக் கூடாதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நீ தேடிப் புடிச்சியே, என்னத்தக் கண்ட?" என்றேன். அவள் புருஷனை ஊருக்கே தெரியும்.

டெல்மி ஏன் வேரை மோந்து பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருஷம் மழை விடாமல் பெய்து, அவள் அப்பா செவெரோவின் பயறு முழுக்க வேரழுகலில் போனது. செடி நின்ற இடத்திலேயே வாடிச் சாய்ந்தது. பிடுங்கினால் வேர் பழுப்பாகக் குழைந்து கையோடு வந்தது, நாற்றமும் அடித்தது. பயறு இல்லாத வீட்டில் வெறும் சோளரொட்டியும் உப்பும்தான் சாப்பாடு. அவள் அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. உடம்பில் ரத்தமே இல்லாமல் பிரசவத்துக்குப் போனாள், திரும்பி வரவில்லை. குழந்தையும் போய்விட்டது. அந்த நாற்றத்தை அந்தப் பிள்ளை மறக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பிறகு வியாபாரிகள் சிவப்புப் பொடி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விதையில் புரட்டி விதைத்தால் வேரழுகல் அவ்வளவாக வராது. ஆனால் அந்த விஷம் கெட்டது நல்லது பார்க்காது. பயற்றின் வேரில் குடியிருந்து, காற்றில் உள்ள சத்தை இழுத்துச் செடிக்கு ஊட்டுகிற நுண்ணுயிர்கள் மண்ணில் உண்டு. அவை இருக்கிற வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். பொடி போட்ட காட்டில் முடிச்சு இல்லை. அதனால் மூட்டை மூட்டையாக உரம் வாங்கிக் கொட்டவேண்டியதாயிற்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடிக்கத்தான் டெல்மி வருஷக்கணக்காக மலை மலையாக அலைந்தாள். யாரும் உழாத சரிவுகளில் காட்டுப்பயற்றைப் பிடுங்கி, அதன் வேரிலிருந்து எடுத்த பாக்டீரியாவைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்தாள். செடிக்கு உணவும் கொடுத்து, அழுகலையும் ஓரளவு தாங்கவைக்கிற ஒரு வகை கடைசியில் அவளுக்குக் கிடைத்தது. நிலையத்தின் தோட்டத்தில் அது நன்றாக வந்தது. இனி ஊர்க்காட்டில் வரவேண்டும். வந்தால்தான் மேற்கொண்டு ஆராய்ச்சி, இல்லாவிட்டால் மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

அவள் தன் ஊரைத் தேர்ந்தெடுத்தாள். வேறு எங்கே போவாள்?

மே மாதம், உழவர்களின் புனிதர் சான் இசித்ரோவின் திருநாளுக்கு முந்தின மதியம், ஊர்ப்பயற்று விதையையெல்லாம் என் மில்லின் பின்னறையில் கொட்டினோம். அங்கே ஜன்னல் கிடையாது, எப்போதும் குளிர்ச்சி. டெல்மி வெல்லத்தைக் கரைத்துத் தெளித்து, கறுப்பு மண்பொடியில் கலந்த தன் பாக்டீரியாவைத் தூவி, முழங்கை வரை கையை விட்டுப் புரட்டினாள். உழவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கூட்டுறவுச் சங்கத்துத் தலைவர் அபெலினோவுக்கு நாக்கு சும்மா இருக்காதே.

"வெல்லம் எல்லாம் போடுற. பூச்சிக்குக் கல்யாணமா, டாக்டரம்மா?"

"ஆமாண்ணே. நீங்கதான் மாப்பிள்ளைத் தோழன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள்: "இந்த வருஷம் சிவப்புப் பொடி வேண்டாம், உரமும் வேண்டாம். என்னை நம்புங்க." அவர்கள் நம்பினார்கள். அவள் அப்பாவைத் தனியாக அழைத்து, "நாளைக்கு நான் பக்கத்து ஊருக்குப் போயிருவேன்ப்பா. கோயிலுக்குக் கொண்டுபோனாலும் விதை நிழல்லயே இருக்கணும். வெயில் பட்டா எல்லாம் செத்துரும்" என்றாள். சுவருக்குச் சாந்து பூசுகிறவள்போல அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

ஒக்கோத்தாலில் ஒரு வழக்கம். சான் இசித்ரோ முன்னால் வைத்து ஆசீர்வாதம் வாங்காத விதையை யாரும் மண்ணில் போடுவதில்லை. செவெரோதான் அந்தத் திருவிழாக் குழுவுக்கு மூத்தவர். விடிந்ததும் ஆட்களோடு வந்து மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்குத் தலைக்குமேல் வேலை; ஊரே விருந்துக்கு மாவரைக்க வரிசையில் நின்றது. என் பங்கு விதை மட்டும் பின்னறையிலேயே கிடந்தது. மறுநாள் அதை அப்படியே மில்லின் பின்பக்கம் விதைத்தேன். ஆசீர்வாதம் வாங்கவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

ஜூன் கடைசியில் ஊர்ப்பயறு மஞ்சளடித்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது, வலுவில்லாத வேரில் அழுகல் ஏறியது. பொடியும் இல்லை, உரமும் இல்லை. காட்டுக்குக் காடு செடி சாய்ந்து கிடந்தது.

டெல்மி காடுகாடாக ஓடினாள். பிடுங்கிய வேர் எதிலும் ஒரு முடிச்சுகூட இல்லை. கடைசியில் தண்ணீர் கேட்டு என் மில்லுக்கு வந்தவள், பின்பக்கம் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். என் பயறு கரும்பச்சையாக நின்றது. ஒன்றைப் பிடுங்கினாள். வேர் முழுக்க முடிச்சு. ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினாள். உள்ளே ரத்தச் சிவப்பு.

"உயிரோட இருந்தா இப்படித்தான் இருக்கும்" என்றாள். "அக்கா, உங்க விதை எங்க இருந்துச்சு?"

"இந்தா, இந்த ரூம்லதான். மத்ததெல்லாம் உங்கப்பா விடியும்போதே கோயில் முன்னால கொண்டுபோயிட்டாரு."

"பாதிரியார் எப்ப வந்தாரு?"

"அவரு என்னைக்கு நேரத்துக்கு வந்தாரு? வழியில வண்டி மாட்டிக்கிச்சாம். மத்தியானம் தாண்டித்தான் வந்தாரு."

"அதுவரைக்கும் விதை வெயில்லயா?"

"ஆமா, முற்றத்துலதான்" என்றேன். கோயில் முன்னால் கல் பாவிய முற்றம். அன்றைக்கு அதில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை என்று என் மில்லுக்கு வந்த எல்லோரும் சொன்னார்கள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க அக்கா."

எனக்கு வந்ததே கோபம். "ஏன்டி சொல்லக் கூடாது? ஊரே உன்னைக் கரிச்சுக் கொட்டுது. உன் பொழப்பே போகப்போகுது!"

"அம்மா போனப்புறம் அப்பாவுக்குன்னு இருக்குறது அந்தச் சாமி ஒண்ணுதான். அவர் கொண்டுபோயி வச்சதாலதான் செத்துச்சுன்னு தெரிஞ்சா, ஊரு அவரை விட்டுவைக்குமா? அவராலதான் தாங்க முடியுமா?"

அவள் கீழே வைத்த சொம்பில் தண்ணீர் நிரப்பி அவள் கையில் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் சங்கக் கூட்டம். டெல்மியின் ஆராய்ச்சி இந்த ஊரில் வேண்டாம் என்று தீர்மானம் போடுவதற்குத்தான் கூடினார்கள். போட்டுவிட்டால் அவளுடைய இத்தனை வருஷ வேலையும் முடிந்தது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அபெலினோ எழுந்தார். இந்தமுறை கிண்டல் இல்லை. "மருந்த நிறுத்தச் சொன்னது யாரு? நீதானே? உன்னை நம்பினோம். எம்புள்ளைங்க இந்த வருஷம் என்னத்தத் திங்கும், சொல்லு."

டெல்மி எழுந்து நின்றாள். "தப்பு என்னோடது. விதையில வெயில் படக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும். யார்கிட்டயும் சொல்லல."

பொய் சொல்கிறாளே பாவி என்று கத்த வாய் திறந்தேன். அதற்குள் பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம். செவெரோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவ சொன்னா" என்றார்.

"அப்பா, உக்காருங்க."

"நீ சும்மா இரு. வெயில் பட்டா செத்துரும், நிழல்லயே வைங்கன்னு என்கிட்டத்தான் சொன்னா. நான்தான் கேக்கல." தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தார். "சோள விதையெல்லாம் தள்ளி வச்சுட்டு, எம் மவளோடதச் சாமி காலடியில விரிச்சேன். எம் மவளோட விதையாச்சே. சாமி பாத்துக்கிட்டு இருக்கும்போது வெயில் என்ன பண்ணிரும்னு நெனச்சேன். பண்ணிருச்சு. நான்தான் கொன்னேன்."

கோயிலை விட்டுப் புது ஜெபச் சபையில் சேர்ந்த சிலர் அங்கே இருந்தார்கள், புனிதர் சிலை என்றாலே கேலி பேசுகிறவர்கள். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அபெலினோ தீர்மானம் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "உக்காருங்கண்ணே" என்றார். "இன்னொரு வருஷம் பாப்போம்." அதோடு கூட்டம் கலைந்தது. அந்த வருஷம் ஊர் பசியோடுதான் கிடந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

அதன்பிறகு செவெரோ கோயில் பக்கமே போகவில்லை. டெல்மி எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். முற்றத்தைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மறு மே மாதம் மறுபடியும் விதை என் பின்னறையில் கிடந்தது. திருநாள் காலையில் வாசலில் சலசலப்பு கேட்டு எட்டிப் பார்த்தால், முன்னால் செவெரோ, கூட அபெலினோவும் இன்னும் இரண்டு பேரும், தோளில் சான் இசித்ரோ.

"தொமாசா, மிஷினை நிறுத்து" என்றார் செவெரோ. "விதை வெயிலுக்கு வர முடியாது. சாமி நிழலுக்கு வரலாம்ல?"

நிலைவாசல் தட்டியது, சிலையைச் சாய்த்து உள்ளே கொண்டுபோனார்கள். பாதிரியார் வழக்கம்போலத் தாமதமாக வந்து, அங்கியெல்லாம் மாவாகி, அந்த இருட்டறையில் நின்று மந்திரித்தார். டெல்மி கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

ஜூலையில் செவெரோ படுத்துவிட்டார். நுரையீரல். இனி எழமாட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் கஞ்சி கொண்டுபோன ஒருநாள், டெல்மி காட்டிலிருந்து நேராக ஓடிவந்தாள். கையில் மண்ணோடு பிடுங்கிய ஒரு செடி. அவர் மார்பிலேயே வைத்தாள். விரிப்பெல்லாம் மண். நான் தட்டிவிடப் போனேன், என் கையைத் தள்ளிவிட்டார். விரலால் வேரைத் தடவித் தடவி ஒரு முடிச்சைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் மெதுவாகக் கீறினார். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"உயிரோட இருக்கு டெல்மி" என்றார்.

"இருக்குப்பா. எல்லார் காட்டுலயும் இருக்கு."

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். நானும் டெல்மியும்தான் குளிப்பாட்டினோம். அவருடைய வலதுகைக் கட்டைவிரல் நகத்தில் மண்ணும் அந்தச் சிவப்பும் காய்ந்திருந்தது. நான் துணியை நனைத்துக்கொண்டு போனேன். டெல்மி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும் அக்கா" என்றாள்.