சூடு பார்ப்பவர்

ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்து அதன் முதுகைத் தொட்டுப் பார்க்கிறார் புகைப்படக்காரர். சூடாக இருந்தால் தலையாட்டுவார். சில்லென்று இருந்தால், "இது எப்போ வந்துச்சு?" என்பார், நலம் விசாரிக்கிற குரலில்.

ஒன்பது வருஷமாக அதே பன்னிரண்டு வீடுகள்; வருஷத்துக்கு ஒரு படம். அந்த வருஷம் வாங்கியதெல்லாம் கூடத்தில் முன்வரிசையில் இருக்க வேண்டும், குடும்பம் பின்னால். முதல் படங்களில் ஆட்களின் பாதம்வரை தெரிந்தது. இப்போது சில வீடுகளில் கழுத்துக்கு மேல்தான் ஆள். பிள்ளைகளை அட்டைப்பெட்டிமேல் ஏற்றி நிறுத்த வேண்டியிருக்கிறது.

மனிதர் லேசில் எதையும் நம்பமாட்டார். சோபாவுக்கு அடியில் விரல் விட்டுத் தூசி இருக்கிறதா என்று பார்ப்பார். மிக்சி பிளேடை முகர்ந்து பார்ப்பார். ஒரே சிவப்பு சைக்கிள் மூன்று வீட்டுப் படங்களில் நின்றதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இப்படி. "படத்துல நிக்கிற சாமான் அந்த வீட்டு கரண்ட்டைக் குடிச்சிருக்கணும்" என்பார். அவர் மனைவிக்கு இதில் தீராத குறை: "ஃபிரிட்ஜ் முதுகுல கை வைப்பார். எனக்குக் காய்ச்சல்னா தெர்மாமீட்டரை நீட்டுவார்."

இந்த வருஷம் தையல்காரம்மா வீட்டில், முன்வரிசையில் ஒரு பெரிய டிவி மட்டும் இருந்தது. பின்பக்கம் தொட்டார். சில்லிப்பு. பக்கத்தில் பிளக் பாயின்ட்கூட இல்லை. வாசலில் சாய்ந்து நின்ற எதிர்வீட்டுக்காரி டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உள்ளே வாங்களேன்" என்றார் புகைப்படக்காரர் அவளிடம்.

"பரவால்ல. திரும்பத் தூக்கும்போது கை கொடுக்கலாம்னு நிக்கிறேன்."

தையல்காரம்மா அவளை முறைத்தாள்.

"இதை நகர்த்திடுங்கம்மா" என்றார் அவர். "இந்த வீட்டுது இல்லையே."

"போன வருஷம் எங்க முன்னாடி ஒரு இஸ்திரிப் பெட்டிதான் இருந்துச்சு. நீங்க அந்தப் படத்தை உங்க கண்காட்சியில ஆள் உயரத்துக்கு மாட்டினீங்க. என் பொண்ணு, இவ கிளாஸே வந்து பாத்துச்சு. அன்னியிலேர்ந்து இவ பேரே இஸ்திரிப் பெட்டி. இந்தத் தடவை நிக்கவே மாட்டேன்னா. கெஞ்சி இரவல் வாங்கி வச்சு, நிக்க வச்சிருக்கேன்."

டிவிக்குப் பின்னால் மகள் முழங்காலை மடக்கி நின்றிருந்தாள். நெற்றி மட்டும் தெரிந்தது.

"படம் உண்மையா இருக்கணும்மா."

"மாடி வீட்டு சோபாவைத் தொட்டுப் பாத்தீங்களே, தேறிச்சா?"

"அது அவங்க வாங்கினது."

"ஆமா, அவங்க காசுதான். போன வருஷ படத்துல பழசு அசிங்கமாத் தெரிஞ்சுதுன்னு, நீங்க வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி வாங்கினாங்க. கடைக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. படத்துல எடுப்பா விழும்னு கலரைத் தேடினாங்க சார். அடியில விரல் விட்டா அதெல்லாம் தெரியுமா?"

அவர் காமிரா நின்ற முக்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். சட்டத்துக்குள் டிவி, அதன் விளிம்புக்கு மேல் அந்த நெற்றி. பொத்தானில் இருந்த விரல் அழுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, விரலை எடுத்து, காமிராவின் பின்பக்கம் கொண்டுபோய், ஃபிரிட்ஜ் முதுகைத் தொடுகிற மாதிரியே உள்ளங்கையை மெல்லப் பதித்தார்.

சூடாகத்தான் இருந்தது.