பூஜை அறைக்குப் போன பருப்புப் பொடி

பெரியம்மா, நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள். திருச்சியில் நீங்கள் என் கையில் கொடுத்த பொட்டலத்தில் இருந்தது வெறும் பருப்புப் பொடி இல்லை.

ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் கோலாலம்பூர் போகிறேன் என்றதும் அதிகம் சந்தோஷப்பட்டது நீங்கள்தான். "கிள்ளான்ல எங்க சித்தப்பா மகன் இருக்கான். ஒரு சனி ஞாயிறு போய்த் தங்கிட்டு வா. வெறுங்கையோட போகாதடி" என்றீர்கள். பழுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றிய பொட்டலம். கோலாலம்பூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்து, யார் கட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன். போதைப்பொருளுக்குத் தூக்குவரை போகும் அந்த நாட்டில் அடுத்தவர் கட்டிய பொட்டலத்துக்கு அப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். கட்டியது நீங்கள் என்பதால் சொன்னேன்.

சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் விடுதியிலிருந்து ரயிலில் கிள்ளான் போனேன். உங்கள் சித்தப்பா மகன் காரோடு வந்து நின்றார். முறைக்கு மாமா, அங்கே அங்கிள். கார் நகர்வதற்குள் முதல் கேள்வி: "உன் பெர்மிட் நீட்டிப்பாங்களா மா?"

"மூணு வாரம்தான் அங்கிள். அப்புறம் ஊருக்கு."

"அதுக்கென்ன லா, இருக்கணும்னா வழி இருக்கு" என்று தனக்குத் தானே சிரித்தார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

வீட்டில் ஆன்டியிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். முகர்ந்து பார்க்கவில்லை, பிரிக்கவில்லை. நேராகப் பூஜை அறைக்குக் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினார். பருப்புப் பொடியை எந்த வீட்டில் சாமி முன்னால் வைக்கிறார்கள்? அப்போதே எனக்கு உறுத்தியது.

அதன்பிறகு எல்லாமே உறுத்தியது. மத்தியானம் நாசி லெமாக் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆன்டி, "நேரா நிமிந்து இவ பக்கத்துல நில்லு மா" என்றார். இவள் என்பது அவர்கள் மகள், கல்லூரியில் படிக்கிறாள்.

"உயரம் அளக்க டேப்பு கொண்டாரட்டா மா?" என்று சிரித்தாள் அவள்.

"வாய மூடு."

எனக்குப் புரியவில்லை. ராத்திரி கட்டிலில் புதுப் புடவையும் தைத்த ஜாக்கெட்டும் இருந்தன. மறுநாள் கோயிலுக்காம். போட்டுப் பார்த்தேன். தோள், கை, இடுப்பு, ஓர் இழை பிசகவில்லை.

"எப்படி ஆன்டி இவ்வளவு சரியா இருக்கு?"

"குத்துமதிப்பா தச்சது மா."

குத்துமதிப்பு இப்படி உட்காராது. என் தையல்காரர் எழுதிய அளவுச் சீட்டு உங்கள் வீட்டு அலமாரியில்தானே இருக்கிறது, பெரியம்மா?

ஞாயிறு காலை கோயிலில், தூணோரம் நின்ற ஓர் அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களையே பார்த்தார். ஆன்டி என்னிடம் பூத்தட்டைக் கொடுத்து, "அந்தக் கோடியில குடுத்துட்டு வா" என்றார். கொடுத்துவிட்டு வந்தால் தேங்காய்த் தட்டு. அதற்கும் அதே கோடி. பத்துமலை முருகன் கோயில் படிகளில் ஏறியவள் நான், எனக்கு நடக்கத் தெரியும். ஆனால் என்னை எதற்கு நடக்க விடுகிறார்கள்?

பன்னிரண்டு மணிக்கு அதே அம்மாள் ஒரு மகனோடு வீட்டு வாசலில் நின்றார். "பந்திங்ல இருக்காங்க. சும்மா இந்தப் பக்கம் வந்தாங்களாம்" என்றார் அங்கிள். இஸ்திரி போட்ட சட்டையும் ஒரு கூடை ஆரஞ்சுமாகச் சும்மா யாரும் வருவதில்லை. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்து போகப் பார்த்தேன். அதற்குள் அந்த அம்மாள் கேட்டார்.

"உனக்கு எத்தன வயசு மா?"

"முப்பத்து மூணு."

ஆன்டி தண்ணீர் எடுக்கப் போனார். எதற்கென்று தெரியவில்லை, மேஜையில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

"ஜாதகத்துல முப்பதுன்னுல்ல இவங்க சொன்னாங்க?"

"என்ன ஜாதகம்?"

அங்கிள் பூஜை அறையிலிருந்து கொண்டுவந்தார். பிளாஸ்டிக் உறை, நாலு மூலையிலும் மஞ்சள். என் பெயர், என் நட்சத்திரம். பிறந்த வருஷம் மட்டும் என்னுடையது இல்லை, மூன்று வருஷம் தள்ளி இருந்தது. தாளில் பருப்புப் பொடி வாசம் அடித்தது.

பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"அப்ப இந்த ஜாதகத்த இங்க கொண்டாந்தது யாரு?"

"நான்தான். ஆனா எனக்குத்..."

"போதும் மா. கையில எடுத்துட்டு வந்தவளுக்குத் தெரியாதாம்" என்று மகனை எழுப்பிக்கொண்டு போனார். ஆரஞ்சுக் கூடையும் போனது.

அங்கிள் என்னைத் திட்டவில்லை. "வயசக் கொறச்சு எழுதினா எங்க மானம்தானே மா போவுது?" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

ஸ்டேஷன் வரை மகள்தான் வந்தாள். "சாரி லா அக்கா. உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சோம். திருச்சி அத்த போன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? 'அவளுக்கு எல்லாம் தெரியும், வெக்கப்படுவா, நீங்க தெரியாத மாதிரி இருங்க'ன்னாங்க."

பெரியம்மா, எனக்கு முப்பத்து மூன்று. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கம் உங்களுக்கு. அதற்காக என்னை இப்போது கிள்ளானிலும் பந்திங்கிலும் பொய்க்காரி ஆக்கிவிட்டீர்கள். அந்தத் தாளை என் கையாலேயே கடல் தாண்டிக் கொண்டுபோக வைத்தீர்கள்.

நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. ஆனால் நம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் மட்டும் தவறாமல் போடுகிறீர்கள். கிள்ளான் வீடும் அதில் இருக்கிறது. நாளைக் காலை பூ வேண்டாம். என் பிறந்த வருஷத்தை மாற்றச் சொன்னது யார், அது எனக்குத் தெரியுமா தெரியாதா, இரண்டையும் அங்கே எல்லோரும் படிக்க எழுதுங்கள்.