அம்மா நினைவிழந்த ஞாயிற்றுக்கிழமை

பச்சைத் தேயிலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாமல் போன காலம் அது. குன்னூருக்குக் கீழே எங்களுக்கிருந்த கொஞ்சம் தேயிலை, பறிக்க ஆளில்லாமல் மரமாக வளர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் பிழைப்புக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். வீட்டில் அப்பா, அம்மா, நான்.

அம்மா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும் அவளுக்கு. ஒருநாள் எங்களையும் இழுத்துக்கொண்டு வக்கீலிடம் போனாள்.

"எனக்கு நினைவு தப்பிட்டா எனக்காக முடிவெடுக்க, ஒருத்தருக்குப் பவர் எழுதணுங்க."

"பவர் பத்திரம் நிலம் நீச்சுக்குங்க. அதுவும் உங்களுக்கு நினைவு தப்பினா செல்லாது" என்றார் வக்கீல். "வைத்தியத்துக்கு வேற ஒண்ணு இருக்கு. எந்தச் சிகிச்சை வேணும், எது வேண்டாம்னு இப்பவே எழுதி, உங்களுக்காகப் பேச ஒரு ஆளையும் குறிச்சு வைக்கலாம். ரெண்டு சாட்சி, நோட்டரி கையெழுத்து, அவ்வளவுதான். ஆளை மட்டும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அம்மா நல்லாவே யோசித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள். "சாயங்காலம் வரைக்கும் எனக்கு நினைவில்லை. எனக்கு என்ன வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. யாரு தேறுறீங்கன்னு பாக்கறேன்" என்று கண்ணை மூடிவிட்டாள்.

முதலில் அப்பா. கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு காதருகே குனிந்து, "ஏனம்மிணி, டீ போடட்டுமா?" என்றார். "சரி, சக்கரை வேணுமா வேண்டாமா, அதையாவது சொல்லு." அப்பா தோற்றுப் போய் அடுப்படிக்குள் போனார்.

அடுத்தது நான். இரண்டு கம்பளியைப் போர்த்தி, நெற்றியில் யூகலிப்டஸ் தைலம் தேய்த்து, மெதுவாகப் பக்திப் பாட்டு வைத்தேன். அம்மாவின் புருவம் நெளிந்தது. சுகமாக இருக்கிறது போல என்று இன்னும் கொஞ்சம் தைலம் தேய்த்தேன்.

பிறகு அண்ணனுக்குப் போன் போட்டேன். "அம்மாவுக்கு நினைவில்லை, என்ன பண்ணலாம் சொல்லு" என்றதுதான் தாமதம், "உடனே கோயமுத்தூருக்குக் கொண்டு போங்க! எத்தனை மிஷின் வேணாலும் மாட்டச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான். விளையாட்டு என்று சொல்ல விடவில்லை. வைத்த கையோடு அடுத்த வீட்டு அத்தையையும் கூப்பிட்டிருக்கிறான்.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா இறந்ததிலிருந்து அம்மாவோடு பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் வாசலையே மிதிக்காதவர், செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"தைலத்தை யாரு தேச்சது? அவளுக்குக் குமட்டும். ரெண்டு கம்பளி எதுக்கு? ஜன்னலைத் தொற. அந்தப் பாட்டை நிறுத்து மொதல்ல!"

"அத்தை, அண்ணன் கோயமுத்தூருக்கு..."

"மிஷின்ல மாட்டவா? உங்க மாமா மூக்குல டியூப்போட கெடந்தப்ப இவ என்ன சொன்னா தெரியுமா? 'போதும், விட்டுருங்க அண்ணி. எனக்கு இப்படிப் பண்ணீங்கன்னா பேயா வந்து கழுத்தை நெரிப்பேன்'னா. அந்தக் கோவத்துலதான் நான் பேச்சையே நிறுத்தினேன். ஊட்டுலயே கெடக்கட்டும். வலிக்காமப் பாத்துக்கங்க. வேறெதுவும் கேக்கமாட்டா."

சொல்லும்போதே குரல் உடைந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். விளையாட்டு என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "அண்ணி, நீங்க பாஸ்."

அத்தை கையை உதறினார். "நாசமாப் போறவளே!" என்று அம்மாவின் தொடையில் ஓங்கி ஓர் அடி. அடித்துவிட்டு அழுதார். அம்மாவும் அழுதாள், இருவருக்கும் நடுநடுவே சிரிப்பும் வந்தது. அப்பா டீயோடு எட்டிப் பார்த்து, "சக்கரை?" என்றார். "போடாதீங்க!" என்றாள் அம்மா. "போடாதடா!" என்றார் அத்தை.

அண்ணனிடம் விளையாட்டைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் அத்தையையும் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் போனோம். அவர் அத்தையைப் பார்த்து, "இவங்க உங்களுக்கு என்ன வேணுங்க?" என்று கேட்டார்.

"நாத்தனாருங்க. ரொம்ப வருசமா என்கூடப் பேசாதவங்க."

"பேசாதவங்களையா உங்களுக்காகப் பேசச் சொல்றீங்க?"

"அவங்களுக்குத்தாங்க நான் சொன்னதெல்லாம் மனப்பாடம்."

தன் பேர் இல்லையே என்று அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "உங்க பேரைப் போட்டா, என்னை எழுப்பித்தானே கேப்பீங்க" என்றாள் அம்மா.

அந்தப் பத்திரத்துக்கு இதுவரை வேலை வரவில்லை. அத்தைக்குத்தான் வேலை கூடிவிட்டது. காலையில் எங்கள் அடுப்படிக்கு வந்து குழம்பை ருசி பார்க்கிறார். ஏன் என்று அம்மா கேட்டால், "உன் உசுரே என் கையில இருக்குது, உப்பை நான் பாக்கக் கூடாதா?" என்கிறார். ஆள் பேரை மாற்றிவிடப் போவதாக அம்மா மிரட்டுகிறாள். இன்னும் வக்கீலிடம் போகவில்லை.