தண்ணீர் கேனுக்கு ஆப்பா, லிங்க்கா

அன்று ஐயப்பன்தாங்கலில் எங்கள் தண்ணீர் கேன் கடையில் இருந்தது நாலு பேர்: நான், என் மனைவி, கேன் வண்டி ஓட்டும் அவள் தம்பி, எங்களுக்கு ஆப் செய்துகொண்டு வந்த ஐ.டி. பையன். வாசலில் காலி கேனை வைத்தாலே ஆர்டர் என்று ஓடிய வியாபாரம். இப்போது ஃபிளாட்டுகளில் கேனை வெளியே வைக்கக் கூடாதாம். ஆர்டர் போனில் வராவிட்டால் வாடிக்கை போய்விடும்.

ஆப்பை ஏற்றப் பார்த்தேன். என் போனில் இடமில்லை என்றது.

"உன் போன்லயே உன் கடைக்கு எடமில்ல மாமே," என்றான் மச்சான்.

"வாடிக்கைக்கு லிங்க் அனுப்பலாம்ணா. எதையும் ஏத்த வேணாம், தொட்டா போன்லயே நம்ம கடை திறக்கும்," என்றான் பையன்.

"அப்புறம் ஆப் எதுக்குப்பா?" என்றாள் மனைவி.

"லிங்க்க மறந்துடுவாங்கக்கா. ஆப்னா கண்ணு முன்னாடியே நிக்கும்."

எட்டாவதோடு நின்ற எனக்கு அவன் சொன்ன இரண்டுமே சரியாகப் பட்டது. ஜனங்கள் லிங்க்கை மறப்பார்களா, ஆப்பை ஏற்றாமலே விடுவார்களா? புரியாமல், பயத்தில் இரண்டையும் செய்யச் சொல்லிவிட்டேன். முன்பணம் போக அவனுக்கு இன்னும் ஏழாயிரம் தரணும்.