நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து வாசல்காரர்

எங்கள் பதிப்பகத்தில் பிழை திருத்தும் அக்காவுக்கு ‘ஒற்றுப் பிசாசு’ என்று பெயர். வைத்தவன் நான்தான். பக்கம் அமைக்கிறவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். அச்சுக்குப் போகிற கடைசி நிமிடத்தில் வந்து நின்று, “பதிமூணாம் வரியில ஒரு ‘க்’ விட்டுப்போச்சுடா” என்பார். ஒரு ‘க்’ நுழைந்தால் வரி உடையும், வரி உடைந்தால் பக்கம் புரளும், என் மதியச் சாப்பாடு சாயங்காலத்துக்குப் போகும்.

முன்பு பிழை திருத்தும் அறையில் இரண்டு பேர். அக்காவின் கணவரை நாங்கள் எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார், அக்கா அச்சடித்த தாளில் விரலை ஓட்டிச் சரிபார்ப்பார். புள்ளி, காற்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. வீட்டிலும் மாமாவுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. “பசிக்குது, ஆச்சரியக்குறி” என்று சொல்லிக்கொண்டுதான் அடுக்களைக்குள் வருவாராம்.

அப்போதுதான் அந்தப் புராணக் கதை வரிசை வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கானது, ஐந்து பாகம். இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவன் பழைய புராணத்துக் கீழுலகத்துக்குள் இறங்கிவிடுகிறான். மாமா நாகத்துக்கு ஒரு குரல், அரக்கிக்கு ஒரு குரல் என்று நாடகமே நடத்துவார். அவருக்குப் பிடித்தது கீழுலகத்தின் வாசல்காரர். இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு, “யாரது? கால் மண்ணைத் தட்டிட்டு உள்ள வா” என்பார். ஒருநாள் அதைக் கேட்ட எழுத்தாளர், செருமலையும் கதைக்குள் சேர்த்துவிட்டார். ஐந்தாம் பாகத்தில் வாசல்காரர் கதவைத் தாங்கிப் பிடித்தபடியே செத்துப்போகிறார். அன்றைக்கு மாமாவால் அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. மீதிப் பக்கத்தை அக்காதான் வாங்கி வாசித்தார்.

வரிசை முடிந்த அடுத்த வருடம் மாமா போய்ச் சேர்ந்தார், நெஞ்சுவலி. வாசிக்க வேறு ஆள் தருகிறோம் என்றார் முதலாளி. அக்கா வேண்டாம் என்றுவிட்டார். அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்துத் தனியாகத் திருத்தினார். பிள்ளைகள் கிடையாது. யாராவது மாமாவைப் பற்றிக் கேட்டால் “அவர் இல்ல” என்பார். கடைக்குப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவுதான். வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

மூன்று வருடம் கழித்து அதே எழுத்தாளர் அந்தக் கதையின் தொடர்ச்சியாக இன்னொரு வரிசை எழுதினார். பழைய நாயகனின் மகள் கீழுலகத்துக்குப் போகிறாள். முதல் பாகம் அக்காவின் மேசைக்குப் போனது. வெள்ளிக்கிழமை திரும்பி வர வேண்டும், வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒருநாள்கூடத் தாமதித்தவர் இல்லை. செவ்வாய்க்கிழமையும் வராமல் போகவே, முதலாளி என் தலையை உருட்டினார். நான் கோபமாகத்தான் போனேன்.

அக்கா சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு செருமல். “யாரது, கேள்விக்குறி. கால் மண்ணைத் தட்டிட்டு உள்ள வா, புள்ளி.” அப்படியே மாமா குரல். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“என்னக்கா இது?”

“நூத்துப் பன்னெண்டாம் பக்கம். எழுதினவர் மறந்துட்டார். அஞ்சாம் பாகத்துல போனவரை மறுபடி வாசல்ல நிக்க வச்சிருக்கார்.”

இரண்டு வரிசைக்கும் பக்கம் அமைத்தவன் நான். என் கண்ணிலும் படவில்லை.

“விட்டுடுங்கக்கா. எழுதினவருக்கே ஞாபகம் இல்ல, வேற யாரு கவனிக்கப் போறா? இருந்துட்டுப் போகட்டுமே.”

“நாலு நாளா நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.” கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். “ஆனா அவர் போனதுக்கு அழுத பிள்ளைங்க இருக்கே. அதுங்களை நான் ஏமாத்தலாமா?”

சிவப்புப் பேனாவை எடுத்தார். ஓரத்தில், அந்த மணிமணியான கையெழுத்தில் எழுதினார்: ‘இவர் இறந்துவிட்டார்.’ எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதார். மாமாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், கிழிக்காத காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுத்தாளர் தலையில் அடித்துக்கொண்டாராம். பத்து நாளில் திருத்திய பக்கம் வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா இரண்டு தடவை செருமிக்கொண்டு வாசித்தார்.

“வாசலில் யாரும் இல்லை, புள்ளி. கதவை அவளே தள்ளித் திறந்தாள், புள்ளி.”

பேனா முனை அந்த வரியின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது.

“பிழை ஒண்ணும் இல்லடா” என்று கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.